அன்டெனாவைத் திருப்பிய கைகள்

வீட்டுத் தியேட்டருக்கென்று ரிசீவர் வாங்கிப் பூட்டுகிற எங்கள் பக்கத்து ஆட்கள், ஸ்பீக்கர் வயரெல்லாம் கொடுத்து முடித்த கையோடு மெனுவைத் திறந்து படத்தைக் கூட்டத் தொடங்குவார்கள். நிறத்தைக் கொஞ்சம் கூட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டு, கூர்மையைக் கடைசிவரை கூட்டு, ஓரத்தில் கறுப்புத் தெரிந்தால் இழுத்து நிரப்பு. இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. வத்தேகமப் பக்கம் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த தலைமுறைக்குப் படம் தானாக வந்ததே கிடையாது, மல்லுக்கட்டித்தான் வரவழைத்தோம். கை வைக்காவிட்டால் படம் நன்றாக இராது என்ற நினைப்பு அப்படித்தான் ஊறிப்போனது. ஆனால் அந்தக் காலத்தை நாம் பாதிதான் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறோம் என்பது என் எண்ணம். அன்றைக்குப் படத்தைக் காப்பாற்றியது பெட்டியின் முன்பக்கத்தில் இருந்த நிறத் திருகி அல்ல. படம் வந்து சேர்ந்த வழியைச் சரிசெய்ததுதான் காப்பாற்றியது. ரிசீவரின் வீடியோ மெனுவுக்குள் இன்று நுழைகிறவர் அந்த மற்றப் பாதியையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு நுழைந்தால், அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவற்றை அணைத்துவிட்டுத்தான் வெளியே வருவார்.

நாட்டின் முதல் தொலைக்காட்சியான ஐ.டி.என். 1979 ஏப்ரல் 13ஆம் திகதி தொடங்கியபோது அதன் வீச்சு கொழும்பையும் அயலையும் தாண்டவில்லை. ஜப்பானிய உதவியோடு அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகுதான் மலைநாட்டில் பெட்டி வாங்குவதில் அர்த்தம் இருந்தது. நுவரெலியாவுக்கு மேலே, 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கும் பிதுருதலாகலை உச்சியிலிருந்து அலை இறங்கியது. நாட்டின் ஆக உயர்ந்த இடத்திலிருந்து வரும் அலைக்கு என்ன தடை என்று சமவெளியில் இருப்பவர் கேட்கலாம். வத்தேகம கண்டிக்கு வடகிழக்கே, மாத்தளைக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கும் ஊர். கிழக்கே நக்கில்ஸ் மலைத்தொடர். பன்வில, மடுல்கலை என்று ஏற ஏற ஒவ்வொரு தோட்டமும் மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள் இருக்கும். ஒரு லயத்துக்குத் தெளிவாக விழுந்த படம் அடுத்த திருப்பத்தில் இருந்த லயத்துக்கு விழாது. விழுந்த இடத்திலும், நேராக வந்த அலையோடு எதிர்மலையில் பட்டுத் திரும்பிய அலையும் சேர்ந்து வந்தது. சுற்றி வந்த அலை மூன்று கிலோமீற்றர் கூடுதலாக நடந்திருந்தால் பத்து மைக்ரோசெக்கன் பிந்தியிருக்கும். எங்கள் நாட்டில் இருந்த பால் முறையில், திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடி முடிக்க எடுக்கும் நேரம் 52 மைக்ரோசெக்கன். கணக்குப் பார்த்தால், செய்தி வாசிப்பவரின் மங்கலான இரட்டை ஒருவர் திரையின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி, வலப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

இந்த நிழலை எந்தத் திருகியாலும் அழிக்க முடியாது. நிறத்தைக் கூட்டினால் நிழலுக்கும் நிறம் கூடும். வெளிச்சத்தைக் குறைத்தால் ஆளும் நிழலும் சேர்ந்தே இருளுவார்கள். அதனால்தான் ஒருவர் கூரையில் ஏறிக் குழாயைப் பிடிக்க, ஒருவர் வாசலில் நிற்க, உள்ளே இருப்பவர் பெட்டியைப் பார்த்துக் குரல் கொடுப்பது எல்லா வீட்டிலும் வழக்கமாக இருந்தது. "அண்ணே, இன்னுங் கொஞ்சம்... ஆ, வந்துருச்சு... போயிருச்சு, பழையபடி திருப்புங்க." விரல் அகலத் திருப்பத்தில் படம் மாறும். நேர் அலையைக் கூடுதலாகவும் எதிரொலி அலையைக் குறைவாகவும் பிடிக்கும் ஒரு கோணம் இருந்தது. கூரையில் நின்றவர் தேடியது அதைத்தான். உச்சி முழுவதும் மறைந்த இடங்களில் எதிர்மலையைப் பார்த்து அன்டெனாவைத் திருப்பி, திரும்பி வந்த அலையையே நல்ல அலையாக எடுத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. இதைச் செய்தவர்கள் பொறியியல் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் பிழை படத்தில் இல்லை, படம் வரும் பாதையில் இருக்கிறது என்ற அறிவு அவர்கள் கையில் இருந்தது.

அந்த அறிவு அன்டெனாவோடு நிற்கவில்லை. லயங்களுக்குக் கரண்ட் வராதிருந்த காலத்தில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் 12 வோல்ட் கார் பெட்டரியில் ஓடின. பெட்டரி இறங்க இறங்கப் படம் நான்கு பக்கமும் சுருங்கி, நடுவில் ஒரு சிறிய சதுரமாக ஒடுங்கும். வெளிச்சத் திருகியைத் திருகி அதை விரிக்க முடியாது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். பெட்டரியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய் சார்ஜ் பண்ணிவர வேண்டும், அவ்வளவுதான். வீடியோ டெக் வந்த பிறகு கசெட்டில் படம் கீழ்ப்பக்கம் கிழிந்து ஓடினால் டிராக்கிங்கைத் திருப்பினார்கள், ஹெட்டைத் துடைத்தார்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்கள் கொண்டுவந்த பெட்டிகளில் பால், செக்காம், என்.டி.எஸ்.சி. என்று மூன்று முறைமைக்கும் மாற்றும் சுவிட்ச் இருந்தது. படம் நிறமில்லாமல் மேலும் கீழும் உருண்டால் முதலில் பார்த்தது அந்த சுவிட்சைத்தான். இந்த எல்லா வேலையிலும் ஒரே ஒழுங்கு தெரிகிறது. வந்த படத்துக்கு அலங்காரம் செய்யவில்லை. அனுப்பியது அனுப்பியபடி வந்து சேர இடம் கொடுத்தார்கள். நிறத் திருகியைத் தொட்டது, பாதையில் செய்யக்கூடியதெல்லாம் செய்த பிறகும் குறை மிச்சம் இருந்தபோதுதான். அது மருந்தில்லாத நோவுக்கு ஒத்தடம். ஒத்தடத்தை வைத்தியமென்று நாம் பிறகு மாற்றி நினைத்துக்கொண்டோம்.

இனி ரிசீவருக்கு வருவோம். எச்.டி.எம்.ஐ. முறை 2002 டிசம்பரில் வெளியானது. அதன் வழியாகப் போவது அலையின் ஏற்ற இறக்கம் அல்ல, எண்கள். பிளேயர் அனுப்பிய எண் ரிசீவரைத் தாண்டித் திரைக்கு வரும்போது அதே எண்ணாக இருந்தால் வேலை முடிந்தது. கேபிள் பலவீனமாக இருந்தால் நிறம் மங்காது, முகம் மென்மையாகாது. மின்மினிபோலப் புள்ளிகள் வெடிக்கும், அல்லது படம் கறுத்துக் கறுத்து வரும், அல்லது வரவே வராது. ஆகவே ஆயிரக்கணக்கில் விலை சொல்லி 'நிறம் எடுத்துக் காட்டும்' கேபிள் விற்பவருக்குக் கொடுக்கும் காசு வீண். தேவையான வேகத்துக்குச் சான்று பெற்ற சாதாரண கேபிளே போதும். பாதையில் திருத்த வேண்டியவை இன்றைக்கும் இருக்கின்றன, ஆனால் கொஞ்சம்தான். பல ரிசீவர்களில் ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. இணைப்புக்கும் சிக்னல் ஃபோர்மட் என்று ஓர் அமைப்பு உண்டு. அது 'ஸ்டாண்டர்ட்' என்பதில் கிடந்தால் 4கே படம் முழு வீச்சோடு வராது. 'என்ஹான்ஸ்ட்' என்று மாற்ற வேண்டும். அதே மாற்றத்தைத் தொலைக்காட்சியிலும், அந்தக் கேபிள் செருகிய துளைக்குச் செய்ய வேண்டும். தொலைக்காட்சியின் ஒலியும் ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டுமானால், ரிசீவரிலிருந்து வரும் கேபிள் தொலைக்காட்சியில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் துளைக்குப் போக வேண்டும். பிளேயரும் ரிசீவரும் திரையும் ஒரே காப்புரிமைப் பூட்டுக்கு, அதாவது 4கேக்கு எச்.டி.சி.பி. 2.2க்கு, ஒத்துவர வேண்டும். கூரையில் ஏறிக் குழாயைத் திருப்பியதற்கு இன்று சமமான வேலை இதுதான். இதோடு ரிசீவரின் வீடியோ வேலை கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது.

மெனுவில் மிச்சம் இருப்பவை வேறு இனம். வீடியோ கன்வர்ஷன், ரெசலூஷன், பிக்சர் மோட், நொய்ஸ் ரிடக்ஷன், என்ஹான்சர். இவை பாதையைத் திருத்துபவை அல்ல, படத்தைத் திருத்துபவை. பிளேயரிலும் இவை இருக்கின்றன, தொலைக்காட்சியிலும் இருக்கின்றன. ஒரே கறிக்கு மூன்று பேர் தனித்தனியே உப்புப் போடுகிற நிலை. கூர்மை என்று மெனு சொல்வது, ஒரு விளிம்பின் இருண்ட பக்கத்தை இன்னும் இருட்டாகவும் வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாகவும் ஆக்குவது. ஒருமுறை செய்தால் கண் ஏமாறலாம். பிளேயர் செய்து, ரிசீவர் அதன்மேல் செய்து, தொலைக்காட்சி மறுபடி செய்தால், நடிகரின் தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடும். நொய்ஸ் ரிடக்ஷன் அதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும்: பிலிமின் மணலையும் கன்னத்தின் துளைகளையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே மெழுகிவிடும். ஆகவே என் நிலைப்பாடு இது. ரிசீவரில் வீடியோ கன்வர்ஷனை அணையுங்கள். பிக்சர் மோட் இருந்தால் அதையும் அணையுங்கள். ரெசலூஷன் என்ற இடத்தில் 'த்ரூ' அல்லது 'பைபாஸ்' இருந்தால் அதில் விடுங்கள். சிறிய படத்தைப் பெரிய திரைக்கு விரிக்கும் வேலையை யாராவது ஒருவர் செய்தாக வேண்டும். அதைத் திரையிடம் விடுங்கள், மற்ற இரண்டும் ஒதுங்கி நிற்கட்டும்.

படத்தின் உள்ளே இது என்ன செய்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க, ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு கறுப்புக் கூந்தலும் போதும். வீடியோவில் கறுப்புக்கு 16 என்றும் வெள்ளைக்கு 235 என்றும் எண் வைத்திருக்கிறார்கள். கணினியில் கறுப்பு 0, வெள்ளை 255. அனுப்பும் கருவி ஒரு கணக்கிலும் வாங்கும் கருவி மறு கணக்கிலும் நின்றால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒரு பக்கம் பிசகினால் கறுப்பெல்லாம் சாம்பலாகிப் படம் முழுவதும் தூசி படிந்ததுபோல வெளிறும். மறுபக்கம் பிசகினால் 16ஐ ஒட்டிய இருண்ட சாயல்கள் எல்லாம் ஒரே கறுப்பாகவும், 235ஐ ஒட்டியவை ஒரே வெள்ளையாகவும் ஒட்டிக்கொள்ளும். அப்போது வேட்டியின் மடிப்புகள் மறைந்து அது வெட்டி ஒட்டிய கடதாசி ஆகும். கூந்தலில் இழை தெரியாது, பின்னலின் முறுக்கு தெரியாது. தலையில் கறுப்பாக ஒரு கட்டி மட்டும் இருக்கும். கடையில் வைத்துக் காட்டும்போது இந்த இரண்டாவது பிசகு 'பளிச்'சென்று நன்றாகத் தெரியும், அதனாலேயே ஏமாறுகிறோம். பிளேயரையும் ரிசீவரையும் திரையையும் ஒரே வீச்சில், வீடியோ படத்துக்கு 'லிமிட்டட்' என்பதில் வைத்துவிட்டு, ஒரு கலியாணக் காட்சியை நிறுத்திப் பாருங்கள். வேட்டியின் மடிப்பை எண்ண முடிந்தால், பூ வைத்த கூந்தலில் இழை பிரிந்து தெரிந்தால், கை வைக்க ஒன்றும் இல்லை.

இதை நான் வற்புறுத்துவதற்குத் தமிழ்ப் படங்களே காரணம். மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா 1982இல் 'மூன்றாம் பிறை'யை எழுதி இயக்கி, ஒளிப்பதிவும் செய்தார். அதன் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஊட்டியின் மூட்டமும் ஈரமும் குறைந்த வெளிச்சமும் அந்தப் படத்துக்குப் பின்னணி மட்டுமல்ல, கதையே அவற்றுக்குள்தான் நடக்கிறது. நக்கில்ஸ் மூட்டத்தைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறத்தின் படிகள் தெரியும்: கிட்ட இருக்கும் மரம் பச்சை, அதற்கடுத்தது சாம்பல் பூத்த பச்சை, அதற்கடுத்தது வெறும் கோடு. 'விவிட்' என்ற அமைப்பு இந்தப் படிகளைச் சகிக்காது. அது மூட்டத்தை வெள்ளையாக்கும், மரத்தைப் பிளாஸ்டிக் பச்சையாக்கும், நடுவில் இருக்கும் படிகளை விழுங்கிவிடும். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் 1987இல் 'நாயக'னில் செய்ததும் இதே இனத்து வேலை. முகத்தின் பாதியை இருட்டில் விட்டு மறுபாதிக்கு மட்டும் ஒளி கொடுத்தார். 'வெளிச்சம் போதாது' என்று ரிமோட்டை எடுத்து பிரைட்னஸைக் கூட்டுகிறவர் அந்த இருட்டைச் சாம்பலாக்கி, மறைத்து வைத்ததை அம்பலமாக்குகிறார். குறையென்று அவர் நினைத்தது படைத்தவரின் தீர்மானம். அன்டெனாக் காலத்தில் இருட்டு வந்தால் அது சிக்னலின் குறையா, படைத்தவரின் எண்ணமா என்று எங்களுக்குச் சொல்ல முடியாது. இப்போது சொல்ல முடியும். எண்கள் குறையாமல் வந்திருக்கின்றன, எனவே இருட்டும் அவர் அனுப்பியதுதான்.

இழுத்து நிரப்புவதைப் பற்றித்தான் அதிகச் சண்டை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 'ராஜராஜ சோழன்'. அது 1973இல் வந்தது. அதற்கு முந்தைய படங்கள், 1948இன் 'சந்திரலேகா' ஆகட்டும், 1968இன் 'தில்லானா மோகனாம்பாள்' ஆகட்டும், கிட்டத்தட்ட நான்குக்கு மூன்று என்ற சட்டகத்துக்குள் எடுக்கப்பட்டவை. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. நான்குக்கு மூன்று படத்தை அதன் உருவம் கெடாமல் போட்டால் திரையின் அகலத்தில் முக்கால்வாசியை நிரப்பும், இரு பக்கமும் கறுப்பு நிற்கும். இழுத்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலும். 'சந்திரலேகா'வின் முரசு நீள்வட்டமாகும், 'தில்லானா மோகனாம்பா'ளில் ஆடும் பத்மினியின் விரல்கள் தடிக்கும், நாதஸ்வரத்தை நேராகப் பிடித்தால் ஒரு நீளம், படுக்கப் பிடித்தால் இன்னொரு நீளம். நடனத்தைப் பார்க்கத்தானே அந்தப் படங்களைப் போடுகிறோம்? காசு கொடுத்து வாங்கிய 55 அங்குலத் திரையில் கால்வாசி சும்மா கிடப்பதா என்று கேட்பவரின் நியாயம் எனக்குப் புரிகிறது. எங்கள் ஊரில் அந்தக் காசு லேசாக வந்ததல்ல. ஆனால் இழுப்பதால் படத்தில் ஒரு புள்ளி விவரமும் கூடுவதில்லை. இருந்த விவரம் கோணலாகிறது. பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டும் 'ஸூம்' இதைவிட மோசம், சதங்கை கட்டிய கால்களையே வெட்டிவிடும். பழைய படங்கள் சில அகலத்திரைக்கு மாற்றப்பட்டு மறுபடி வெளியாகின என்பதை எதிர்வாதமாகச் சொல்வார்கள். அது படத்தை வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு காட்சியாக உட்கார்ந்து பார்த்து எடுத்த முடிவு. ரிமோட்டின் ஒரு பொத்தான் எல்லாக் காட்சிக்கும் ஒரே கத்தியை வைக்கிறது. இரண்டையும் ஒன்றென்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஓட்டத்தின் வேகமும் இதோடு சேர்ந்தது. பிலிம் செக்கனுக்கு 24 சட்டகம். பால் முறை 25. ஆகவே பால் டிவிடியில் படத்தை நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓட்டிப் பதிவு செய்தார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் டி.எம். சௌந்தரராஜன் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து பாடுவார். தமிழ் டிவிடிகளில் பல என்.டி.எஸ்.சி. முறையில் வந்தன, அவற்றில் சுருதி தப்பியது, ஆனால் 24ஐ 60க்குப் பொருத்தச் சட்டகங்களை மூன்றும் இரண்டுமாகத் திருப்பிக் காட்டியதால், கமரா மெதுவாக நகரும் காட்சிகளில் படம் விக்கியது. இவை வட்டிலேயே பதிந்துவிட்ட காயங்கள், எந்த ரிசீவராலும் முற்றாக ஆற்ற முடியாதவை. இன்று ப்ளூரேயும் நல்ல ஸ்ட்ரீமிங்கும் 24 சட்டகத்தை 24ஆகவே அனுப்புகின்றன. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பிலிமின் நடை வீட்டுக்கு வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து, இல்லாத சட்டகங்களைக் கற்பனை செய்து நடுவில் செருகும் மோஷன் ஸ்மூதிங்கைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்புகின்றன. அதைப் போட்டால் சினிமா, வீடியோக் கமராவில் எடுத்த டெலிநாடகம்போல வழுக்கும். செக்கனுக்கு ஐம்பது தடவை படம் மாறும் டெலிநாடகத்தை வருடக்கணக்காகப் பார்த்த நம் கண்களுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிகிறது. 2018 டிசம்பரில் டொம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்தோபர் மக்குவாரியும் இதை அணைக்கச் சொல்லிக் கேட்டு ஒரு வீடியோ வெளியிட்டார்கள். அடுத்த வருடம் யு.எச்.டி. கூட்டமைப்பு 'ஃபில்ம்மேக்கர் மோட்' என்ற ஒன்றை அறிவித்தது. அது செய்வது இவ்வளவுதான்: ஸ்மூதிங்கை அணைத்து, கூர்மையேற்றத்தையும் நொய்ஸ் ரிடக்ஷனையும் அணைத்து, சட்டகத்தின் உருவத்தையும் வேகத்தையும் நிறத்தையும் எடுத்தவர் விட்டபடி விடுவது. ஹொலிவூட்டின் பெரிய கைகள் கேட்டு வாங்கியது, ஒன்றும் செய்யாதிருக்கும் ஓர் அமைப்பைத்தான்.

பகல் வெளிச்சத்தைச் சொல்லி மறுப்பவர்கள் உண்டு. மலைநாட்டு வீடுகளில் முன்கதவு பகல் முழுக்கத் திறந்துதான் இருக்கும். 'மூவி' அமைப்பில் மத்தியானம் ஒன்றும் தெரிவதில்லை என்பது உண்மை. இதற்கு நிறத்தையும் கொன்ட்ராஸ்டையும் ஏற்ற வேண்டியதில்லை. திரையின் பின்னொளியை மட்டும் கூட்டலாம்; அது விளக்கைக் கூட்டுவது, படத்தின் படிகளைத் தொடுவதில்லை. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு அமைப்பைச் சேமித்து வைக்கப் பெரும்பாலான தொலைக்காட்சிகளில் இடம் இருக்கிறது. ரசனை அவரவர் உரிமை என்பது அடுத்த மறுப்பு. கிரிக்கெட் பார்க்கவும் கார்ட்டூன் பார்க்கவும் எவரும் எப்படியும் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஒருமுறையாவது அசல் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு விருப்பத்தைச் சொல்வதுதான் ரசனை. கடைக்காரர் வைத்த அமைப்பைப் பத்து வருடம் பார்த்துவிட்டு அதுதான் பிடிக்கும் என்பது பழக்கம். கண்ணுக்குப் பழக ஒரு வாரம் கொடுத்தால் போதும்.

பலமான மறுப்பு பணத்தைப் பற்றியது. 2022 மார்ச்சுக்கு முன் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியால மின்வெட்டும் இருந்தது. அதற்குப் பிறகு புது ரிசீவர் என்பது நம்மில் பலருக்கு எட்டாத பேச்சு. கையில் இருப்பது பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 ரிசீவர், வீட்டுக்கு வந்திருப்பது 4கே திரை. அந்த ரிசீவரின் வழியாக எச்.டி.ஆர். படம் முழுதாகப் போகாது. அப்படியானால் படத்தை விரிக்கும் அதன் ஸ்கேலரையும் நிற அமைப்புகளையும் முடுக்கி ஈடுகட்ட வேண்டாமா என்கிறார்கள். வேண்டாம். படத்தை ரிசீவருக்குள் விடவே தேவையில்லை. பிளேயரையோ டிஷ் பெட்டியையோ நேரே தொலைக்காட்சியில் செருகுங்கள். ஒலியை மட்டும் ஏ.ஆர்.சி. வழியாகவோ ஒப்டிகல் கேபிள் வழியாகவோ ரிசீவருக்குத் திருப்பி எடுங்கள். ஏ.ஆர்.சி. 2009இல் 1.4 முறையோடு வந்தது என்பதால் அந்த வயது ரிசீவர்கள் பலவற்றில் அது உண்டு. பெரும்பாலும் 5.1 ஒலி கிடைக்கும். வட்டில் இருக்கும் சுருக்காத ஒலி மட்டும் கிடைக்காது. பேச்சுக்கும் உதட்டுக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி வந்தால் ஒலியும் படமும் சேரும்வரை ஓடியோ டிலேயை, தொலைக்காட்சியிலோ ரிசீவரிலோ, சிறிது சிறிதாக நகர்த்த வேண்டியிருக்கும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் விழும் இடி, டிஷ் கேபிள் வழியாக வந்து இந்த எச்.டி.எம்.ஐ. துளைகளையும் தாக்கும். மானம் கறுக்கும்போது பிளக்கோடு சேர்த்து டிஷ் கேபிளையும் கழற்றி வைப்பது, எந்த வீடியோ அமைப்பைவிடவும் இந்த ஊரில் படத்தைக் காப்பாற்றும்.

ரிசீவரின் வீடியோ கன்வர்ஷனுக்கு உண்மையாகவே வேலை இருக்கும் ஓர் இடத்தை நான் மறுக்கமாட்டேன், அது பழைய கசெட். வத்தேகம, பன்வில, மடுல்கலைப் பக்கம் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் கலியாணக் கசெட்டும் சடங்கு வீட்டுக் கசெட்டும் தோட்டத்துத் திருவிழாக் கசெட்டும் கிடக்கின்றன. அவற்றில் அசைகிற பலர் இன்று இல்லை. அவர்களின் நடை, சிரிப்பு, பந்தியில் பரிமாறும் கை எல்லாம் வேறெங்கும் பதிவாகவில்லை. எந்த அரச ஆவணக் காப்பகமும் இதைச் சேர்த்து வைக்கப்போவதில்லை. கண்டியின் ஈரத்தில் டேப்பில் பூஞ்சணம் பிடிக்கிறது; டெக் செய்த கடைசிப் பெரிய உற்பத்தியாளரான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. புதுத் தொலைக்காட்சிகள் பலவற்றில் டெக்கின் வயரைச் செருகும் மஞ்சள் துளையே இல்லை. பழைய ரிசீவரின் பின்னால் அந்த மஞ்சள் துளை இருந்து, அது உள்ளே வரும் படத்தை எச்.டி.எம்.ஐ. ஆக்கித் தருமானால், கன்வர்ஷனைப் போடத்தான் வேண்டும். அப்போதும் பாதை முதலில்: டெக்கின் ஹெட்டைத் துடைத்து, பூஞ்சணம் தெரியும் கசெட்டைத் தனியே வைத்து, டிராக்கிங்கைச் சரிசெய்து, முறைமையைப் பால் என்று தேர்ந்து, உருவத்தை நான்குக்கு மூன்றில் நிறுத்தி, நொய்ஸ் ரிடக்ஷனை அணைத்து ஓட்டுங்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எடுத்த முகங்களில் புள்ளி விழத்தான் செய்யும். அந்தப் புள்ளிகளை மெழுகினால் அம்மாயியின் முகத்துச் சுருக்கமும் சேர்ந்து போகும். கணினிக்கு ஏற்றுகிறவர் 576 கோடுகளையும் செக்கனுக்கு ஐம்பது புலங்களையும் (அரைச் சட்டகங்களையும்) அப்படியே பிடித்துவைக்கட்டும், மெருகேற்றிய பிரதி வேண்டுமானால் அதிலிருந்து தனியாக எடுக்கலாம். ஏற்றி முடிந்தபின் கசெட்டை எறிந்துவிடாமல், முழுதாகப் பின்னுக்குச் சுற்றி, உறைக்குள் போட்டு, சுவரைத் தொடாத உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.